வெறுங்காலின் வெற்றியும் அதன் மெய்க்காரணமும்

விளையாட்டிற் புகழ்பெற்றாரின் வரலாறுகள் ஏட்டில் எழுதப்பெறுமுன் நாவில் வழங்கத் தொடங்கிவிடுகின்றன. நாவில் வழங்குங்கால் அவற்றுள் ஒரு பகுதி வளரும். மற்றொரு பகுதி தேயும். வளர்ந்த பகுதியையே முழு வரலாறென்று பின்வருவோர் கொள்ளுவர். இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக நம் நாட்டில் விளங்குவது, 1911-ஆம் ஆண்டிற் கல்கத்தா நகரத்து மோகன் பகான் குழுவினர் உதைபந்தாட்டத்தில் ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைக்கொண்ட வரலாறாகும். பூட்ஸ் அணியாத இந்தியர் பதினொருவர் பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயரை வென்றனர் என்பதே அவ்வரலாற்றின் சுருக்கமாக எங்கும் வழங்குகின்றது. அவ்வெற்றி மெய், அதன் பெருமையும் மெய். ஆயினும், அவ்வெற்றிக்குக் காரணம் வெறுங்காலே என்று மக்கள் கொண்ட எண்ணம் மெய்யன்று என்பது எம் துணிபு. அவ்வெண்ணத்தினால் நம் நாட்டு ஆட்டக்காரர் பின்னாளில் இழந்தது சிறிதன்று. ஆதலின் அதனை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

உதைபந்தாட்டம் ஆங்கிலப் படைவீரரோடும் வணிகரோடும் நம் நாட்டிற்கு வந்தது. சிம்லாவில் 1888-இல் தோன்றிய டூரண்டுக் கிண்ணப் போட்டியும், கல்கத்தாவில் 1893-இல் தோன்றிய ஐ. எப். ஏ. கேடயப் போட்டியும் தொடக்கத்தில் ஆங்கிலப் படைவகுப்பினரின் உரிமைபோலவே இருந்தன. இந்தியருள் இவ்வாட்டத்தைப் பரப்பிய முன்னோடியாகக் கருதப்படுபவர், கல்கத்தா ஹேர் பள்ளியிற் பயின்ற நாகேந்திரப் பிரசாத் சர்வாதிகாரி என்பார். இளம் மாணவராயிருந்தபோதே தம் தோழரைக் கூட்டிப் பந்தாடத் தொடங்கிய அவர், பின்னர்ச் சோவாபஜார் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தார் 1892-இல் டிரேட்ஸ் கிண்ணப் போட்டியில் ஈஸ்ட் சர்ரே படைவகுப்பினரை வென்றனர். ஆகவே, ஆங்கிலேயரை இந்தியர் வென்றது 1911-இல் முதன்முதல் நிகழ்ந்ததன்று. ஓராட்டத்தில் வெல்லுவது வேறு. அடுத்தடுத்து வலியாரை எதிர்த்து நின்று கேடயத்தையே கொண்டு மீளுவது வேறு. பின்னதே 1911-இல் நிகழ்ந்த புதுமை.

மோகன் பகான் சங்கம் வடகல்கத்தாவில் 1889-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. படையிற் சுபேதார் மேஜராயிருந்த சைலேன் பாசு என்பவர் அதன் செயலாளராக வந்தபின், ஆட்டக்காரர்க்கு உடற்பயிற்சியும் ஒழுங்கும் முறையாகக் கற்பிக்கப்பட்டன. பந்தை உதைக்கத் தெரிந்தாற் போதும் என்றிருந்த காலத்தில், நெடுநேரம் ஓடுதற்குரிய மூச்சு வலிமையையும் தசை வலிமையையும் முதலில் தேடல் வேண்டும் என்று அவர் கண்டது பெரிது. அதன் பயனாக 1906, 1907, 1908 ஆகிய மூன்றாண்டுகளிலும் டிரேட்ஸ் கிண்ணம் மோகன் பகானாரையே அடைந்தது. அதன் பின்னரே கேடயப் போட்டியில் அவர்கள் இடம்பெற்றனர். இடம்பெற்ற உடனே வென்றாரும் அல்லர். தோற்றுத் திரும்பி, தம் குறை கண்டு, மீண்டும் பயின்று வந்தவர்களே 1911-இல் களம் புகுந்தவர்கள்.

அவ்வாண்டில் அவர்கள் கடந்த வழியைச் சற்று நோக்குவோம். முதற் சுற்றில் செயின்ட் சேவியர் கல்லூரியாரை 3-0 என்ற கணக்கிலும், இரண்டாஞ் சுற்றில் ரேஞ்சர்ஸ் சங்கத்தாரை 2-1 என்ற கணக்கிலும் வென்றனர். மூன்றாஞ் சுற்றில் ரைபிள் பிரிகேடு வீரரை ஒரே கோலில் வென்றனர். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைவகுப்பினரோடு பொருதபோது ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. மீண்டும் ஆடியபோது மோகன் பகானார் 3-0 என வென்றனர். ஒருமுறை சமநிலை கண்ட பகைவரை மறுமுறை இத்துணைத் தெளிவாக வெல்லுதல், முந்தைய ஆட்டத்தினின்றும் பாடங் கற்றார்க்கே இயலும்.

இறுதியாட்டம் ஜூலை மாதம் 29-ஆம் நாள் சனிக்கிழமையன்று கல்கத்தா மைதானத்தில் நடைபெற்றது. எதிர்நின்றவர் ஈஸ்ட் யார்க்ஷயர் படைவகுப்பினர். மோகன் பகான் குழுவில் ஹீராலால் முகர்ஜி கோல் காத்தார். பூத்தி சுகுல், சுதீர் சட்டர்ஜி என்னும் இருவரும் பின்காவலர். மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ பட்டாசார்யா என்னும் மூவரும் இடைநின்றனர். கானு ராய், ஹபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், விஜயதாஸ் பாதுரி, சிவதாஸ் பாதுரி என்னும் ஐவரும் முன்னணியினர். சிவதாஸே தலைவர், விஜயதாஸ் அவருடன் பிறந்தவர்.

வங்கம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு ஆறாண்டுகள் கழிந்த காலம் அது. சுதேசி இயக்கத்தின் வெம்மை ஆறவில்லை. குழுவிற் பலர் கிழக்கு வங்கத்தில் தோன்றியவர். ஆதலின் பிரிவுபட்ட இருபகுதி மக்களும் அப்பதினொருவரையும் தம்மவரென்றே கொண்டனர். கூட்டங் கொணரத் தனிப் புகைவண்டியும் மிகுதியான நீராவிப் படகுகளும் விடப்பட்டன. பல்லாயிரவர் மைதானத்தைச் சூழ்ந்தனர். மரக்கிளைகளும் மனிதரைத் தாங்கின. ஆட்டம் கண்ணுக்கெட்டாத தொலைவில் நின்றார்க்குக் காற்றாடிகளைப் பறக்கவிட்டுக் கோல் கணக்கை அறிவித்தனர் என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன.

முதலிற் கோல் பெற்றவர் படைவகுப்பினரே. அவர்தம் தலைவர் ஜாக்சன் உதைத்த பந்து வலையுட் புகுந்தது. கூடியிருந்த கடல்போன்ற கூட்டம் வாயடைத்து நின்றது. ஆட்டக்காரரோ தளர்ந்திலர். ஆட்டம் முடிதற்குச் சில நிமிடங்களே எஞ்சியிருக்கையில் சிவதாஸ் ஒரு கோல் போட்டுக் கணக்கைச் சமமாக்கினார். உடனே மீண்டும் பந்தைக் கொண்டு முன்னேறினார். அதனைத் தாமே உதைத்துப் புகழ்கொள்ளலாம் என்னும் நிலையில், தம்மினும் நல்லிடத்தில் நின்ற அபிலாஷ் கோஷுக்குத் தள்ளினார். அபிலாஷ் அதனைக் கோலாக்கினார். 2-1 என்ற கணக்கிற் கேடயம் முதன்முறையாக ஓர் இந்தியக் குழுவினரிடம் வந்து சேர்ந்தது.

இனி, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். இவ்வெற்றியை வெறுங்காலின் வெற்றி என்பார், அப்பதினொருவரும் வெறுங்காலினர் என்றே எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. பதின்மரே பூட்ஸ் அணியாதார். பின்காவலராய் நின்ற சுதீர் சட்டர்ஜி பூட்ஸ் அணிந்தே ஆடினார். அவர் கிறிஸ்தவர், கல்கத்தாவில் மிஷன் கல்லூரியொன்றில் ஆசிரியராயிருந்தவர், பின்னர்க் குருப்பட்டமும் பெற்றவர். கூட்டத்தார் நினைவில் அவருடைய பூட்ஸ் மறைந்து போயிற்று. கதைக்கு அஃது இடையூறாயிருந்தது போலும். ஆட்டத்திற்கோ அஃது இடையூறாய் இருந்ததில்லை. பதின்மர் ஒருவகையாகவும் ஒருவர் வேறுவகையாகவும் களத்தில் நின்றும், அவருள் ஒருவர் மற்றவரை வேறாக எண்ணாமையே அக்குழுவின் வலிமை. பந்தை எவர் காலில் ஒப்படைத்தாற் குழுவிற்கு நன்மையோ அவர் காலில் ஒப்படைத்தனர். அக்கால் பூட்ஸ் அணிந்ததா அணியாததா என்பது அவர்க்கு வினாவாகவில்லை.

வெறுங்காலாற் பயனே இல்லையோ எனின், உண்டு. சிறுவயது தொட்டு வெறுங்காலோடு ஆடியவர்க்குப் பந்தின் தொடுவுணர்ச்சி நுண்ணிதாக அமையும். உலர்ந்த கடுந்தரையில் அவர் விரைந்து திரும்புவர். பந்தைக் காலோடு ஒட்டியவாறே கொண்டு செல்லுவர். பூட்ஸின் எடை இன்மையால் ஓட்டமும் எளிதாகும். ஆனால் மழை பெய்து தரை சேறானாற் கால் வழுக்கும். தோலாற் செய்த அக்காலத்துப் பந்து நீரை உறிஞ்சிக் கனக்கும். கனத்த பந்தை வெறுங்காலால் நெடுந்தொலைவு உதைத்தல் அரிது. எதிரியின் பூட்ஸ் பட்டால் விரல் நசுங்கும். எனவே வெறுங்கால் என்பது ஒரு காலத்திற்கும் ஒருவகைத் தரைக்கும் பொருந்திய கருவியே. எக்காலத்திற்கும் எவ்விடத்திற்கும் பொருந்திய வரமன்று.

இதனைக் கல்கத்தாவிலேயே கண்டு தெளிந்தவர் முகமதிய ஸ்போர்ட்டிங் சங்கத்தார். அவர்கள் மழையில் நனைந்த தரையில் பூட்ஸ் அணிந்து ஆடப் பழகினர். 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் இடைவிடாமற் கல்கத்தா லீக் போட்டியில் முதன்மை பெற்றனர், 1936-இல் ஐ. எப். ஏ. கேடயத்தையும் வென்றனர். மோகன் பகானாரின் வெற்றிக்கு இருபத்தைந்தாண்டுகட்குப் பின் அக்கேடயத்தை வென்ற அடுத்த இந்தியக் குழு அதுவே. அவர் கண்ட பாடம் எல்லார் கண்ணுக்கும் முன்னே இருந்தது. ஆயினும், வெறுங்காலே நம் பெருமை என்னும் எண்ணம் எளிதில் நீங்கவில்லை.

1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் குழுவினர் பிரான்சு நாட்டினரை எதிர்த்தனர். நம்மவருட் பலர் வெறுங்காலோடு ஆடினர். ஆட்டத்தின் அழகைக் கண்டோர் வியந்தனர். சாரங்கபாணி ராமன் நம் பொருட்டு ஒரு கோலும் போட்டார். எனினும் கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளும் வீணாயின. 1-2 என்ற கணக்கில் தோற்றோம். அது மதிக்கத்தக்க தோல்வி. ஆனால் 1952-இல் ஹெல்சிங்கி நகரத்தில் நேர்ந்தது வேறு. குளிர்நாட்டுத் தரையில், நம்மவர் பெரும்பாலும் வெறுங்காலோடு நின்று யுகோஸ்லாவியரிடம் 1-10 என்ற கணக்கில் தோற்றனர். அதன் பின்னரே பூட்ஸ் அணிதல் கட்டாயமாக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில், பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் வழிகாட்ட, நம் குழுவினர் ஆஸ்திரேலியரை 4-2 என்று வென்று நான்காமிடம் அடைந்தனர். நெவில் டிசோசா அவ்வாட்டத்தில் மூன்று கோல் போட்டார். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கமும் பெற்றனர். கால் மாறவில்லை, காலின்மேல் ஒரு தோலுறை ஏறியது. கலை அதனாற் குறைந்ததன்று. வளர்ந்தது என்பதே கண்ட உண்மை.

கட்டுக்கதையின் வலிமை இத்தோடு நின்றதோ எனின், இல்லை. 1950-ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிக்கு இந்தியக் குழு செல்லாமைக்கு, வெறுங்காலோடு ஆடலாகாது என்று விதித்ததே காரணம் என்று இன்றும் பலர் கூறுவர். அக்காலத்துக் குழுத்தலைவர் ஷைலேன் மன்னாவே பின்னாளில் அதனை மறுத்துரைத்தார். ஒலிம்பிக்கையே பெரிதாக எண்ணி உலகக் கிண்ணத்தின் அருமையை நம் சங்கத்தார் உணராமையே முதன்மையான காரணம் என்பது ஆராய்ந்தோர் முடிபு. ஆயினும் ஆராய்ச்சியைக் காட்டிலும் கதையே விரைந்து பரவுகின்றது. தன் குறையைப் பிறர் விதித்த விதியாகக் காட்டுங் கதை கேட்பதற்கு இனிதாயிருத்தலே அதற்குக் காரணமாகலாம்.

இங்ஙனங் கூறுவதனால் 1911-ஆம் ஆண்டுக் குழுவினரின் புகழைக் குறைக்க எண்ணினோம் என்று எவருங் கொள்ளற்க. அவர்தம் புகழுக்கு உரிய இடத்தை மாற்றியமைக்கவே எண்ணினோம். அவர் வெறுங்காலோடு வென்றதனாற் பெரியோரல்லர். வெறுங்காலோடு நிற்க நேர்ந்தும் வென்றதனாற் பெரியோர். அவரிடம் இருந்த குறையை நாம் அவர்தம் சிறப்பாகப் பாடினோம். அவரிடம் இருந்த சிறப்பை, அதாவது ஆண்டுக்கணக்கான பயிற்சியையும், தோல்வியிற் கற்ற அறிவையும், தலைவன் தன் புகழைத் தோழன் காலில் வைத்த பண்பையும் பாட மறந்தோம். பாடியது பிள்ளைகள் நெஞ்சிற் பதிந்தது, மறந்தது பதியவில்லை. அதன் விலையை ஹெல்சிங்கியிற் கொடுத்தோம்.

ஆண்டுதோறும் ஜூலை 29-ஆம் நாளை மோகன் பகானார் தம் பெருநாளாகக் கொண்டாடுகின்றனர். அந்நாளின் பொருள் கல்கத்தாவார்க்கே உரியதன்று. நம் கலாசாலை மைதானத்திலும் மாலைதோறும் பதினொருவர் கூடுகின்றனர். அவருள் ஒருவனுக்கு நல்ல பூட்ஸ் உண்டு, ஒருவனுக்கு இல்லை. ஒருவன் விடுதி மாணவன். ஒருவன் கிராமத்தினின்றும் நாள்தோறும் நடந்து வருபவன். இல்லாதவன் தன் இன்மையையே பெருமையாகக் கொண்டு பயிற்சியைக் கைவிடுதலும், உள்ளவன் தன் உடைமையையே திறமையாக எண்ணுதலும் ஒருங்கே தவறாம். இருவரும் ஒருவர்க்கொருவர் பந்தைத் தள்ளக் கற்பாராயின், சிவதாஸின் காலினின்று அபிலாஷின் காலுக்குச் சென்ற அப்பந்து இன்னும் நில்லாமல் உருண்டு நம் மைதானத்திற்கும் வந்து சேர்ந்தது என்று யாம் மகிழ்வோம்.