கல்லுதானே என்று தொட்டியில் போடாதீர்கள்

ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வேன்களில் சங்கு, பாசிமணியோடு ஓட்டை ஓட்டையாக ஒரு வெள்ளைக் கல்லும் மதுரை மாவட்டம் வாடிப்பட்டிக்கு வந்து இறங்குகிறது. கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே. கரையோரத்தில் யாரிடமோ சொல்லிவைத்து, ஈரச்சாக்கில் சுற்றி 'லைவ் ராக்' எனும் உயிர்க்கல்லை வரவழைக்கிறார்கள். சிக்கிய பிறகு, "கல்லுதானே சார்!"

அது கல் அல்ல, பவளம். பாறையாக வளரும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கின்றன. செத்துக் காய்ந்த துண்டும் விலக்கல்ல. 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். கையில் இருந்தது உறுதியானால், முறையாக வந்ததென்று நிரூபிக்கும் சுமை 57ஆம் பிரிவின்படி உங்கள் தலையில். பவளத்தை வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போயின.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? இரவோடிரவாக வைகையில் வீசாதீர்கள். கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39ஆம் பிரிவு. மதுரை மாவட்ட வன அலுவலருக்கு மனு எழுதுங்கள். எப்போது, எப்படி வந்தது, எத்தனை துண்டு, என்ன எடை எல்லாம் இருக்கட்டும், புகைப்படமும் இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் தேதி, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். காவல் நிலையம் என்றால் மனு ரசீது. "கல்லுக்கெல்லாம் மனுவா?" என்று சிரிக்கும் ஆட்கள் இருப்பார்கள், சிரித்து முடிக்கட்டும், ஒப்புகை இல்லாமல் நகராதீர்கள். கெடு தாண்டியிருந்தால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். சட்ட உதவிக்கு 15100.

இவ்வளவு வம்பு எதற்கு? செராமிக்கிலோ சிமெண்டிலோ செய்த கல்லையே உயிர்க்கல்லாக்கலாம். கல்லுக்கு உயிர் தருவது அதன் துளைகளில் குடியேறும் பாக்டீரியாதான். சிமெண்ட் கல்லென்றால் சில வாரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்பு கலந்து, அடர்த்தி 1.025, வெப்பம் 25-26 டிகிரி வைத்து, பம்பை ஓடவிட்டு, பாட்டில் பாக்டீரியாவையும் கொஞ்சம் அம்மோனியம் குளோரைடையும் சேருங்கள். போர் தண்ணீர் வேண்டாம். முதலில் அம்மோனியா ஏறும், அடுத்து நைட்ரைட், கடைசியில் நைட்ரேட். 2 பிபிஎம் அம்மோனியா விட்ட 24 மணி நேரத்தில் அதுவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் கல் தயார். ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். ஊதா நிறப் பாசி படிய இன்னும் பல மாதம். மீன், கல் தயாரான பிறகுதான். அவசரப்பட்டு இரண்டாம் வாரமே மீனை விட்டுச் சாகடிப்பவர்களே அதிகம்.

இன்னொன்று. கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைக்காதீர்கள். கடலில் இருந்து வந்த கல்லில் ஒட்டியிருக்கும் சில உயிர்களின் பாலிடாக்சின் நஞ்சு ஆவியோடு கலந்து வீட்டிலுள்ள எல்லோரையும் ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கும். மீண்டும் சொல்கிறேன்: கொதிக்கவைக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையில் ஆசிட் ஊற்றித் தேய்ப்பதும் அதே மடத்தனம்.

கடையில் வாங்கும்போது, வெறும் 'கல் 4 கிலோ' என்று எழுதிய பில் எதற்கும் உதவாது. 'செயற்கைக் கல்' என்று எழுதி, கடை முத்திரையோடு தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.