டீச்சர் ஆக ஆசை. குறுக்கே நிற்கிறது பணம்!

செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த ஊர் கருங்குழி. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண், "நான் டீச்சர் ஆவேன்" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா கூலி வேலை செய்கிறார். அவள் ஆசை நிறைவேறுமா?

எத்தனை வருடம்?

உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்த, முதலில் பட்டம் வேண்டும். அதற்கு 3 ஆண்டு. பிறகு பி.எட். முன்பு அது ஓராண்டுப் படிப்பு. 2015 முதல் ஈராண்டு. ஆக மொத்தம் 5 ஆண்டு. அதுவரை வீட்டுக்கு வரவு இல்லை, செலவுதான்.

கைகொடுக்கும் ஆயிரம்

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது புதுமைப் பெண் திட்டம். இது 2022-ல் தொடங்கியது. பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது.

ஆனால், முதல் பட்டத்தோடு அந்த ஆயிரம் நின்றுவிடுகிறது. பணம் அதிகம் தேவைப்படுவதோ அதற்குப் பிறகுதான்!

இடம் கிடைக்குமா?

சைதாப்பேட்டையில் 1856-ல் தொடங்கிய அரசு ஆசிரியர் கல்லூரி இருக்கிறது. இத்தகைய கல்லூரிகளில் கட்டணம் குறைவு, இடமும் குறைவு. மற்றவர்கள் தனியார் கல்லூரிக்குத்தான் போகவேண்டும். அம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போகும். நகை இல்லாத வீட்டில், பெண் துணிக்கடை வேலைக்குப் போவாள்.

அந்த ஆயிரம் இன்னும் 2 ஆண்டு நீண்டால் 24,000 ரூபாய். ஒரு பெண் டீச்சர் ஆவாள். அவளிடம் எத்தனை பிள்ளைகள் படிப்பார்கள்!