வீட்டுக்கும் ஒரு லாக் புக் வேண்டும்

முப்பத்தாறு ஆண்டுகள் டீசல் ஷெட்டில் வேலை பார்த்தவன் நான். எந்த எஞ்சினைப் பற்றிக் கேட்டாலும் என்ன பழுது, எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்று பதிவேட்டைப் புரட்டி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். ஆனால் என் மனைவியின் இதயத்தைப் பற்றிக் கேட்டபோது திருதிருவென்று விழித்தேன்.

சென்ற மே மாதம் நள்ளிரவில் அவளுக்கு நெஞ்சுவலி. நாக்பூரிலேயே ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர், "இந்த மாறுதல் முன்பே இருந்ததா, புதிதா? பழைய இ.சி.ஜி. இருக்கிறதா?" என்று இந்தியில் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் பரணிலிருந்து பையைக் கொண்டு வந்தார். உறையைப் பிரித்தால் வெறும் கட்டங்கள்தான். கோடு முழுவதும் மறைந்திருந்தது! மற்றச் சோதனைகள் முடிந்து, மாரடைப்பு இல்லை என்று சொல்லும்வரை இரண்டு நாள் ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

இ.சி.ஜி. தாள் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாவது. வெயிலும் பிளாஸ்டிக் உறையும் அதற்குப் பகை. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். லாமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். சூட்டில் தாளே கறுத்துவிடும்.

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு ஃபைல். புதிய காகிதம் மேலே, பழையது கீழே. முதல் பக்கத்தில் இரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்துகள், நாள்பட்ட நோய்கள், ஆபரேஷன் நடந்த ஆண்டு, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்ற விவரங்கள். இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். இவ்வூர் டாக்டருக்குத் தமிழ் தெரியாது. மாத்திரை மாறும்போதெல்லாம் திருத்தித் தேதி போடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

காகிதம் தொலைந்துவிட்டதா? உள்நோயாளியின் ஆவணங்களை டாக்டர்கள் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகள் கூறுகின்றன. எழுத்து மூலம் கேளுங்கள். 2021 முதல் நாடு முழுவதும் வழங்கப்படும் 14 இலக்க 'ஆபா' எண்ணிலும் ஆவணங்களை இணைத்துக்கொள்ளலாம். ஆனாலும் காகிதத்தைக் கைவிட வேண்டாம்.

நம் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். முதல் பக்கத்தைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். ஃபைல் எந்த அலமாரியில் என்று நம்பகமான அண்டை வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். நான் அதைச் செய்யாமல் பட்ட பாடு நீங்கள் படவேண்டாம்.