செயலி கேட்கும் குடும்பப் பெயர்

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பட்டியல் சாதி மாணவி ஒருவர், கல்வி உதவித்தொகை பெறுவதற்காகக் கைபேசியிலேயே வங்கிக் கணக்கு தொடங்க முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'முதற்பெயர்' என்ற கட்டத்தில் செல்வி என்று இடுகிறார். 'குடும்பப் பெயர்' என்ற அடுத்த கட்டம் காலியாக இருப்பதால் சிவப்பாகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தை இட்டால், ஓரெழுத்து போதாது என்கிறது செயலி. தந்தையின் முழுப்பெயரை எழுதினால், ஆதாரில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பத்தையே நிராகரிக்கிறது.

பயனரை இப்படி இடறச் செய்வதைச் செயலி வடிவமைப்பாளர்கள் 'உராய்வு' என்பர். நிதிச் செயலிகளில் உராய்வு தவிர்க்க முடியாதது, சட்டம் கேட்கிறது என்பதே நிறுவனங்களின் வழக்கமான பதில். இதில் பாதி உண்மை. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டமும் ரிசர்வ் வங்கியின் கேஒய்சி நெறிமுறைகளும் வாடிக்கையாளர் யார் என்பதை உறுதிசெய்யச் சொல்கின்றன. குடும்பப் பெயர் இருந்தே தீர வேண்டும் என்று அந்நெறிமுறைகள் கேட்பதில்லை. அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியவர் படிவத்தை வரைந்தவர்.

இது சிறிய செய்தியன்று. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. பெயருக்குப் பின் சாதி ஒட்டிக்கொள்ளாத வழக்கம் இங்கே போராடிப் பெற்ற ஒன்று. அதைக் குறைபாடாகப் படிக்கிறது ஒரு மென்பொருள். பான் விண்ணப்பமோ முதலெழுத்தை ஏற்காமல் விரித்தெழுதச் சொல்கிறது. ஆதாரில் முதலெழுத்தே இருக்கலாம். ஒரே ஆள், இரண்டு பெயர்! முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைப்பதும், முதலெழுத்தின் விரிவைப் புரிந்துகொள்வதும், ஐயம் எழுந்தால் நிராகரிக்காமல் ஓர் அலுவலரின் பார்வைக்கு அனுப்புவதும் எந்தச் சட்டத்தையும் மீறுவதாகாது.

சட்டத்தின் தேவையையும் வடிவமைப்பாளரின் வசதியையும் உச்ச நீதிமன்றமே பிரித்துக் காட்டியிருக்கிறது. காணொலி வழிச் சரிபார்ப்பில் கண்ணிமைக்கச் சொன்னதால் கணக்கு தொடங்க இயலாமற்போன, அமில வீச்சில் பாதிக்கப்பட்டோரின் வழக்கு அது. விண்ணப்பிப்பவர் உயிருள்ள ஆள்தானா என்று அறிவது நெறிமுறையின் நோக்கம். இமைப்பது அதற்கான வழிகளுள் ஒன்று மட்டுமே. மாற்று வழிகள் வேண்டும் என்றும், எண்மச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும் 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது.

கணக்கு தொடங்கிய பின்னரும் ஓர் இடறல் காத்திருக்கிறது. கணக்கோடு ஆதாரை இணைப்பது ஒன்று. ஆதார் எண்ணுக்கு வரும் அரசுப் பணம் எந்த வங்கிக்குச் செல்லும் என்பதைத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியலில் பதிவது வேறொன்று. பல செயலிகளில் 'ஆதார் இணைக்கப்பட்டது' என்ற ஒற்றை வரி இரண்டையும் மறைத்துவிடுகிறது. அப்பட்டியலில் கடைசியாகப் பதிவான வங்கிக்கே உதவித்தொகை செல்லும். இதை ஒரு வரியில் தமிழில் சொல்வதற்கு என்ன செலவாகிவிடும்?

உராய்வே இல்லாத இடமும் உண்டு. அதுதான் கடன் செயலி. சேமிக்க வருபவரை வாசலிலேயே நிறுத்துகிற அதே துறை, கடன் வாங்க வருபவரைச் சில நிமிடங்களில் உள்ளே இழுத்துவிடுகிறது. இங்கே இடறல் பயனருக்குக் காப்பு. தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் செயலி தொடக்கூடாது, மொத்தச் செலவைக் காட்டும் விவர அறிக்கை தர வேண்டும், மனம் மாறினால் அபராதமின்றி வெளியேறக் கால அவகாசம் தர வேண்டும் என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. இவற்றைச் சிறிய எழுத்தில் புதைத்துவிட்டு 'எளிமை' என்று பெயரிடுவது மோசடிக்கு நெருங்கியது.

தீர்ப்பைத் தொடர்ந்து 2025 ஆகஸ்டில் கேஒய்சி நெறிமுறைகள் திருத்தப்பட்டன. சிந்தித்துப் பாராமல் விண்ணப்பத்தை நிராகரிக்கக்கூடாது. நிராகரித்தால் காரணத்தை அலுவலர் பதிவுசெய்ய வேண்டும். ஆகவே 'பொருந்தவில்லை' என்று திரை சொன்னதும் திரும்பிவிட வேண்டியதில்லை. எந்த விதியின்படி நிராகரிக்கப்பட்டது என்று வங்கியிடம் எழுத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான உதவி எண் 14448.