வட்டக்கோட்டை அலையும் துபாய்த் தாமதமும்

குமரிமுனைக்கு அருகிலுள்ள வட்டக்கோட்டை மதில்மேல் நின்றுகொண்டு, துபாயில் இருக்கும் தம்பிக்கு வீடியோ அழைப்பில் கடலைக் காட்டுகிறோம். கையிலுள்ள போனுக்கு அதைவிடக் கடினமான வேலையை நாம் கொடுப்பது அபூர்வம். குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாயின் மேற்பார்வையில், 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் எழுப்பிய கருங்கல் மதிலை அனுப்புவது சுலபம். முந்தைய படத்தில் இருந்த கல் அடுத்த படத்திலும் அங்கேயே இருக்கும். ‘மாற்றமில்லை’ என்ற ஒரு குறிப்பு போதும். நடந்துவரும் ஆளுக்கு, எத்தனை புள்ளி எந்தப் பக்கம் நகர்ந்தார் என்று எழுதினால் பெரும்பாலும் முடிந்தது. அலை அப்படிக் கட்டுப்படாது. நுரை நொடிக்கு நொடி புதிதாகப் பிறக்கிறது, பழைய படத்தில் அதற்கு ஒப்பான துண்டே கிடைப்பதில்லை. போனையும் சேர்த்துச் சுழற்றினால் மதில்கூட நகரும் பொருளாகிவிடும்.

1280 × 720 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள் என்று வைத்தால், சுருக்காத வீடியோ நொடிக்கு ஏறத்தாழ 55 கோடி பிட். அழைப்புச் செயலிகள் இதை 10, 20 லட்சம் பிட்டுக்குள் அடக்குகின்றன. இதற்கு அடிப்படையான கணிதத்தை 1974இல் வெளியிட்ட மூவர் நாசிர் அகமது, நடராஜன், கே.ஆர்.ராவ். பெங்களூரில் பிறந்த அகமது இந்த யோசனைக்கு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டபோது கிடைக்கவில்லை. இன்று ஜேபெக் படத்திலிருந்து வீடியோ அழைப்பு வரை எல்லாம் அந்தக் கணிதத்தின் மேல்தான் நிற்கின்றன.

ஆனால் அளவைக் குறைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி நேரம்.

சினிமாவைச் சுருக்கும் மென்பொருளுக்கு அவசரமில்லை. பின்னால் வரப்போகும் படங்களையும் முன்கூட்டியே பார்த்து, முன்னுள்ளதற்கும் பின்னுள்ளதற்கும் நடுவிலுள்ள படத்தை மிகச் சிக்கனமாக எழுதிவிடும். நேரடி உரையாடலில் இந்த வித்தை பலிக்காது. நொடிக்கு 25 படம் என்றால் ஒரு படத்துக்கு 40 மில்லி நொடி. மூன்று படம் காத்திருந்தால் 120 மில்லி நொடி போய்விடும். பேச்சு இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், பிறகு இருவரும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அதனால்தான் அழைப்புகளில் வருங்காலப் படத்தைப் பார்க்கும் முறையையே ஒதுக்கிவைக்கிறார்கள். பிட் கூடினாலும் பரவாயில்லை, நேரம் மிச்சமாக வேண்டும்.

தாமதத்துக்குத் தூரத்தைக் குறைசொல்வது வழக்கம். குமரிமுனையிலிருந்து துபாய் நேர்கோட்டில் சுமார் 3,000 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கி.மீ. ஓடும், ஆக 15 மில்லி நொடி. கேபிள் சுற்றிப் போனாலும் இன்னும் சில பத்து மில்லி நொடிகள் கூடும், அவ்வளவே. செயற்கைக்கோள் வழி என்றால் கதை வேறு. 36,000 கி.மீ. மேலேறி இறங்கவே கால் நொடி ஆகும். 2020 ஆகஸ்ட்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போய்ச்சேரும்வரை அந்தமான் மக்கள் அந்தக் கால் நொடியோடுதான் பேசினார்கள்.

மற்ற இடங்களில் பெரும்பகுதித் தாமதம் வழியில் வரிசை நிற்பதால் வருகிறது. நாஞ்சில் நாட்டுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரும் வரத்தைத் தேக்கி, மடை விடும் அளவுக்குத்தான் வெளியேற்றும். வரத்து கூடினால் நீர்மட்டம் ஏறும், புதிதாக வரும் துளி வெளியேற அதிக நேரம் ஆகும். பழைய மென்பொருள்கள் குளம் நிறைந்து மறுகால் பாயும்போதுதான், அதாவது தரவு தொலையும்போதுதான் விழித்தன. இப்போதைய அழைப்பு மென்பொருள்கள் ஒவ்வொரு தரவுப் பொதியும் வந்துசேரும் நேரத்தை அளந்து, மட்டம் ஏறத் தொடங்கும்போதே படத்தின் தரத்தைக் குறைக்கின்றன.

இதிலும் ஒரு சிக்கல். சுருக்கும் பகுதி ஒருபுறம், அனுப்பும் பகுதி மறுபுறம் என்று தனித்தனியே இயங்கினால், ‘சராசரியாக இவ்வளவு’ என்ற கட்டளைக்கு நடுவே ஓர் அலை எழும்பி ஒரே ஒரு படம் அளவு மீறிப் பெருத்துவிடும். வரிசை அடைபட அதுவே போதும். 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘சால்சிஃபை’ என்ற வீடியோ அழைப்பு முறை இதை நேராகத் தீர்க்கப் பார்த்தது. ஒவ்வொரு படத்தையும் சற்று உயர்ந்த தரத்தில் ஒன்று, சற்றுத் தாழ்ந்த தரத்தில் ஒன்று என இருமுறை சுருக்கும். அந்த நொடியில் எது கொள்ளுமோ அது போகும். இரண்டும் கொள்ளாவிட்டால் அந்தப் படமே போகாது. இடையில் ஏதேனும் தொலைந்தால், எதிர்முனைக்குப் பத்திரமாகச் சேர்ந்துவிட்ட பழைய படத்தை அடிப்படையாக வைத்து அடுத்ததை எழுதும். முழுப் படத்தை மறுபடி அனுப்பி நெரிசலைக் கூட்ட வேண்டியதில்லை. சுருக்குவதும் அனுப்புவதும் ஒரே வேலை என்று பார்த்ததே இதன் பெருமை என்று கருதுகிறேன்.

நம் மாநிலத்தில் இந்தத் தாமதக் கணக்கு மனிதர்களின் கண்பார்வையோடு சம்பந்தப்பட்டது. 2000களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை, அதைச் சுற்றியுள்ள ஊர்களின் கண் மையங்களோடு நெடுந்தொலைவு வைஃபை மூலம் இணைத்தார்கள், எரிக் புரூவர் தலைமையிலான பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவினர். மருத்துவர் தேனியில் இருந்தபடியே நோயாளியிடம் வீடியோவில் பேச முடிந்தது. இதற்கு ஒரு தடை இருந்தது. சாதாரண வைஃபை, ஒரு பொதி அனுப்பியதும் ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குச் சில பத்து மைக்ரோ நொடிதான் காத்திருக்கும். 30 கி.மீ. தொலைவுக்குப் போய்த் திரும்ப 200 மைக்ரோ நொடி வேண்டும். பதில் வரும் முன்பே தொலைந்ததென்று எண்ணி மறுபடி அனுப்பி, அலைவரிசை வீணாகும். பல பொதிகளுக்குச் சேர்த்து ஒரே பதில் என்று அந்தக் குழு விதியை மாற்றியது. அதே கருவி, அதே கோபுரம். மாறியது காத்திருக்கும் கணக்குதான்.

இணைய இணைப்பு எடுக்கும்போது எத்தனை எம்பிபிஎஸ் என்று கேட்கிறோம். தாமதம் எத்தனை மில்லி நொடி என்றும் கேளுங்கள். வேகம் அளக்கும் செயலிகள் ‘பிங்’ என்று அதைக் காட்டுகின்றன. வீட்டில் வேறொருவர் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள். பல மடங்கு ஏறினால், உங்கள் பேச்சு சிக்குவது பெரும்பாலும் வீட்டு ரூட்டரிலோ அதையடுத்த வரிசையிலோதான்.