பழைய சேவையை அணைக்கும் முன்...

கைபேசித் தொழில்நுட்பம் ஒன்று விடைபெற்று அடுத்தது வரும்போது நகரவாசிக்குப் பெரிய மாற்றம் தெரிவதில்லை. கோபுரத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி வாழ்பவருக்கோ, ஆபத்தில் உதவிக்கு அழைக்க முடியுமா என்பதே கேள்வி. இதில் ஆஸ்திரேலியாவின் அனுபவம் நமக்கும் பாடம் என்று கருதுகிறேன்.

அந்நாட்டின் சிற்றூர்களுக்கும் கால்நடைப் பண்ணைகளுக்கும் ஒருகாலத்தில் சி.டி.எம்.ஏ. சேவையே துணை. வழக்கமான ஜி.எஸ்.எம். முறையில் கோபுரத்திலிருந்து சுமார் 35 கி.மீ. என்கிற வரம்பு உண்டு, சி.டி.எம்.ஏ.வுக்கு அது இல்லை. 2006 அக்டோபரில் 'நெக்ஸ்ட் ஜி' என்ற 3ஜி சேவையைத் தொடங்கிய டெல்ஸ்ட்ரா நிறுவனம், 2008 ஜனவரி 28-இல் பழையதை மூட நாள் குறித்தது. புதிய சேவை பழையதற்கு நிகராகும்வரை மூடக் கூடாது என்பது அரசின் நிபந்தனை. அது நிறைவேறவில்லை என்று அமைச்சர் ஸ்டீபன் கான்ராய் அனுமதி மறுத்தார். ஏப்ரல் 28-இல்தான் பழைய சேவை மூடப்பட்டது.

இரண்டு சேவைகளும் 850 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கியவைதானே, பிறகு ஏன் சிக்கல்? சிக்னல் கிடைப்பது கோபுரத்தை மட்டும் பொறுத்ததன்று. கையிலுள்ள கருவியையும் பொறுத்தது. வாகனத்தின் வெளி ஆன்டெனா உதவியுடன் பேசிவந்த விவசாயி, அதனை இணைக்க வழியில்லாத புதிய கைபேசியை வாங்கினால், வரைபடத்தில் சேவை இருக்கும், அவருக்கு இருக்காது.

அந்த 3ஜி சேவையும் பழையதாகி, இருமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2024 அக்டோபர் 28-இல் மூடப்பட்டது. இம்முறை வேறொரு சிக்கல். சில கைபேசிகள் சாதாரண அழைப்புகளை 4ஜி வழியே அனுப்பின. '000' என்ற அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜி-யை நாடின. அன்றாடம் நன்றாக இயங்கும் கருவி, உயிர்போகும் வேளையில் கைவிடும் என்பதை அதன் உரிமையாளர் எப்படி அறிவார்? எனவே அத்தகைய கைபேசிகளுக்குச் சேவை மறுக்கப்பட்டது.

நம் நாட்டில் பொத்தான் கைபேசிகள் பலவும் இன்றும் 2ஜி-யை நம்பியே இருக்கின்றன. அதற்கு விடைகொடுக்கும் நாள் வருவதில் தவறில்லை. ஆனால், புதிய சேவை நிகரானது என்பதை நிறுவனத்தின் வரைபடம் முடிவுசெய்யக் கூடாது. வயலில் நிற்பவரின் கையிலுள்ள கருவியைக் கொண்டு, அவசர அழைப்பு உட்பட அனைத்தையும் அரசு சோதித்தறிய வேண்டும். அதன் பிறகே பழைய கோபுரம் மௌனமாகலாம்.