அந்த ஐந்து கிலோ எங்கிருந்து வந்தது?

2024 டிசம்பரில், ரியாத் நகரில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு. ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களான பிரிட்டனின் டைசன் ஃபியூரியும் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கும் எதிரெதிரே நின்று முறைத்துக்கொண்டார்கள். புகைப்படக்காரர்களுக்காக நடக்கும் இந்தச் சடங்கு சட்டென்று முடிந்துவிடும். இவர்களோ 11 நிமிடத்துக்கு மேல் அசையாமல் நின்றார்கள். அதே ஆண்டு மே மாதம் இருவரும் முதல்முறை மோதியபோது கூத்து இன்னும் பெரிது. ஃபியூரியின் அப்பா, உசிக் தரப்பு ஆள் ஒருவரைத் தலையால் முட்டப்போய்த் தன் நெற்றியில்தான் ரத்தம் பார்த்தார். எடை பார்க்கும் மேடையில் ஃபியூரி உசிக்கைப் பிடித்துத் தள்ளினார்.

இந்தக் காணொளிகளைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: “இந்த முறைப்புக்கும் வெற்றிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? உடம்பா, மரபணுவா, மனத்திடமா, எதுதான் ஜெயிக்கிறது?”

முதலில் உடம்பைப் பார்ப்போம். டிசம்பர் சண்டைக்கு ஃபியூரி 127 கிலோவுக்கு மேல், உசிக் 102 கிலோவை ஒட்டி. உயரத்தில் ஃபியூரி 15 சென்டிமீட்டர் கூடுதல், கைவீச்சிலும் அவரே நீளம். இரண்டு முறையும் ஜெயித்தது உசிக். மே மாதம் நடுவர்களின் தீர்ப்பு பிளவுபட்டிருந்தது. டிசம்பரில் மூன்று நடுவர்களுமே 116-112 என்று எழுதிக் கொடுத்தார்கள். எடைக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. மதிப்பு இருப்பதால்தான் எடைப் பிரிவுகளே இருக்கின்றன. ஆனால் தராசு காட்டும் எடையில் எத்தனை கிலோ எதிராளியின் தாடைக்குப் போய்ச் சேர்கிறது என்பது வேறு கணக்கு. சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 1985இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட ஆய்வுக்காக, பிற்பாடு உலகப் பட்டம் வென்ற ஃபிராங்க் புரூனோவை, கருவிகள் பொருத்தித் தொங்கவிட்ட ஒரு மெத்தை இலக்கின் மீது குத்தச் சொன்னார்கள். கை கிளம்பி 0.1 நொடிக்குள் 49 சென்டிமீட்டர் கடந்து இலக்கைத் தொட்டது. தொடும்போது வேகம் நொடிக்கு 8.9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர். பட்ட 14 மில்லி நொடியில் விசை 4,096 நியூட்டன் என்ற உச்சத்தை எட்டியது. இந்த அடிக்குச் சமமாக ஆய்வாளர்கள் சொன்னது, பஞ்சு சுற்றிய 6 கிலோ மரச் சுத்தியலை மணிக்கு 20 மைல் வேகத்தில் வீசுவதை.

மணிக்கு 20 மைல் என்பதும் 32 கிலோமீட்டர்தான். ஆக, கையும் சுத்தியலும் ஒரே வேகம். அப்படியானால் அந்தக் குத்துக்குப் பின்னால் 6 கிலோ இருந்திருக்கிறது. ஆனால் மணிக்கட்டுக்கு முன்னால் உள்ள கை அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. போட்டியில் மாட்டும் 10 அவுன்ஸ் கையுறை 283 கிராம். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு கிலோ தேறாது. மீதி ஐந்து கிலோ எங்கிருந்து வந்தது?

துவைக்கிற கல்லில் துணி அடிப்பதைப் பார்த்தவர்களுக்குப் பாதி பதில் தெரியும். பழக்கப்பட்டவர் கையால் அடிப்பதில்லை. கால் தரையில் ஊன்றியிருக்கும், இடுப்பு திரும்பும், தோள் பின்னாலேயே வரும், ஈரத்துணி தலைக்கு மேல் தளர்வாகச் சுழன்று வந்து கல்லில் இறங்கும். புதிதாகத் துவைக்க வருபவர் கையை மட்டும் ஓங்கி ஓங்கி அடிப்பார். கை வலிக்கும், அழுக்கு போகாது. சோவியத் ஆய்வாளர் ஃபிலிமோனோவும் குழுவினரும் 1985இல் வெளியிட்ட கணக்கு இதையே எண்ணில் சொல்கிறது. கைதேர்ந்த குத்துச்சண்டை வீரரின் நேர்க்குத்தில் காலின் பங்கு 38 சதவீதம், உடற்பகுதித் திருப்பத்தின் பங்கு 37, கையின் பங்கு 24. கற்றுக்குட்டிகளிடம் காலின் பங்கு 17 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கை 38 சதவீதம் உழைத்துக்கொண்டிருந்தது.

மீதிப் பதில்தான் அற்புதம். ஈரத்துணிக்கு ஒரு குறை உண்டு. வரும்போது தளர்ந்து வருவது நல்லது, ஆனால் கல்லில் பட்ட பிறகும் துவண்டே கிடக்கும். குத்துச்சண்டைக்காரர் கையில் இருக்கும் ‘துணி’ கல்லைத் தொடும் அந்தக் கணத்தில் மட்டும் பலகையாக விறைத்துவிட வேண்டும். மணிக்கட்டும் முழங்கையும் தோளும் வயிறும் ஒரே நேரத்தில் இறுகினால் அத்தனையும் ஒரே துண்டாகி, கையின் எடையோடு உடம்பின் எடையும் சேர்ந்து இறங்கும். ஐந்து கிலோ அங்கிருந்து வருகிறது. இறுக்கம் கொஞ்சம் தாமதித்தால் முழங்கை மடங்கிக் குத்து வீணாகும். கொஞ்சம் முந்தினாலோ வேகம் செத்துவிடும். கையை நீட்டும் தசைக்கு எதிர்ப்பக்கத்தில், மடக்கும் தசை ஒன்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இறுகினால் ஒன்று ஓட்டும், ஒன்று பிரேக் போடும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் குழு, தேர்ந்த கலப்புத் தற்காப்புக் கலை வீரர்களின் தசைகளில் ஓடும் மின்துடிப்பை அளந்து 2010இல் வெளியிட்டது. துடிப்பில் இரண்டு சிகரங்கள் தெரிந்தன. அடி கிளம்பும்போது ஒன்று, படும்போது இன்னொன்று. நடுவே ஒரு தளர்வு. இறுக்கம், தளர்வு, மறுபடி இறுக்கம், எல்லாம் நொடியின் சிறு பங்கில். இறுக எல்லோருக்கும் வரும். அவ்வளவு வேகமாகத் தளர்வதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டியிருக்கிறது. அதையும் 12 சுற்று, 36 நிமிடம், களைத்த உடம்பை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். மே சண்டையில் தள்ளாடிய ஃபியூரிக்கு நடுவர் எண்ணத் தொடங்கியதும் 9ஆம் சுற்றில்தான்.

இப்போது முறைப்புக்கு வருவோம். கோபம் தசையை இறுக்கும். துணி உவமையை விட மனமில்லை என்பதால் சொல்கிறேன்: கோபம் என்பது உடம்புக்குப் போடும் கஞ்சி. மொடமொடவென்று கஞ்சி போட்ட வேட்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அதைச் சுழற்றி அடிக்க முடியாது. எதிராளிக்குக் கஞ்சி போட்டுவிட்டுத் தான் ஈரத்துணியாகவே இருப்பதுதான் பத்திரிகையாளர் சந்திப்பின் லட்சிய வடிவம். முறைக்கிறவரும் கூடவே கஞ்சித் தொட்டியில் விழுந்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

இதற்குச் சரித்திரம் வேண்டுமென்றால் ஒரே ஒரு சம்பவம் போதும். 1964 பிப்ரவரி 25, மயாமி பீச். சோனி லிஸ்டனுடன் மோதவிருந்த காஷியஸ் கிளே, பின்னாளின் முகமது அலி, காலையில் எடை பார்க்கும் இடத்தில் பேய் பிடித்தவர்போலக் கத்தினார். 2,500 டாலர் அபராதம் விழுந்தது. சாதாரணமாக 54 துடிக்கும் அவருடைய நாடி 120இல் நின்றது. பயந்துபோயிருக்கிறார் என்றார் மருத்துவர். சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது நாடி மறுபடி 54. அன்றிரவு 7ஆம் சுற்றுக்கு லிஸ்டன் எழுந்து வரவில்லை. கூச்சல்தான் ஜெயித்தது என்று இதைக் கொண்டாடுகிறவர்கள், கிளே 22 வயது இளைஞர், காலும் கையும் லிஸ்டனைவிட வேகம் என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கூச்சலில் கவனிக்க வேண்டியது ஒன்றே: நினைத்தபோது அதை அவரால் அணைக்க முடிந்தது.

மற்றபடி இந்தத் துறையில் பரபரப்புக்குப் பஞ்சமில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் சண்டை விளையாட்டுகளில் சிவப்பு உடுத்தியவர்கள் 55 சதவீதம் ஜெயித்தார்கள் என்று ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்து உலகைச் சுற்றியது. பிறகு பல போட்டிகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோது அந்தச் சிவப்பு வெளுத்து, ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்றாகிவிட்டது. முறைக்கும்போது அதிகம் சிரிக்கிற வீரர் தோற்கிறார் என்று 2013இல் இன்னொரு ஆய்வு. சிரித்ததால் தோற்றாரா, தோற்கப்போவது உள்ளூரத் தெரிந்ததால் சிரித்தாரா? புகைப்படம் அதைச் சொல்லாது. ‘வேக மரபணு’ என்று விற்கப்படும் ஏசிடிஎன்3 விஷயமும் அப்படித்தான். வேக ஓட்டத்துக்கு உகந்த அதன் வடிவம் உலகில் பெரும்பாலோரிடம் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் பேருந்தை ஓடிப் பிடிக்கிறார்கள்? இத்தகைய பரிசோதனைகளைக் கொண்டு குழந்தையின் விளையாட்டுத் திறமையைத் தேடக் கூடாது என்று விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் 2015இலேயே கூட்டாகச் சொல்லிவிட்டார்கள்.

வாசகருக்கு நேரடியான பதில் இதுதான். உடம்பு உதவும், மரபணு கொஞ்சம் உதவும், முறைப்பு டிக்கெட் விற்க உதவும். ஜெயிக்க வைப்பது இறுகவும் தளரவும் தெரிந்த தசைகளும், அவற்றைப் பழக்கிய பல்லாயிரம் குத்துகளும். பிள்ளைக்கு எச்சில் பரிசோதனை செய்து ‘சாம்பியன் மரபணு’ தேடித் தருவதாக யாராவது வந்தால் அந்தப் பணத்தை நல்ல பயிற்சியாளரிடம் கொடுங்கள். அடுத்த பெரிய சண்டையைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது முகங்களை விட்டுவிட்டுப் பின்னங்கால் குதிகாலைக் கவனியுங்கள். குத்து அங்கிருந்துதான் கிளம்புகிறது.